துக்கத்தை யார் கேட்பது?

புற்றுநோயாளியின் பயமும் துக்கமும் இயல்பானவை என்கிறோம். இயல்புதான். ஆனால் அந்தத் துக்கத்தைப் பேச விடுவதும் வாயை மூடச் சொல்வதும் இயல்பு சார்ந்ததல்ல, அதிகாரம் சார்ந்தது. அதனால்தான் அதற்கொரு வரலாறு இருக்கிறது.

1961இல் டொனால்ட் ஓக்கன் சிகாகோ மருத்துவர்களிடம் கேட்டார்: புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்வீர்களா? ஏறக்குறைய 90 சதவீதம் பேர், சொல்வதில்லை என்றார்கள். நோயாளி இடிந்து போய்விடுவார் என்ற கவலையாம். 1979இல் இன்னொரு ஆய்வில் 97 சதவீதம் பேர், சொல்வதே வழக்கம் என்றார்கள். நோயின் பெயரையே மறைக்கிற இடத்தில் மனசைப் பற்றி என்ன பேசிவிட முடியும்? 1977இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன்-கெட்டரிங் மையத்தில் ஜிம்மி ஹாலண்ட் முழுநேர மனநலப் பிரிவைத் தொடங்கியது இந்த மௌனம் உடைந்துகொண்டிருந்த காலத்தில்தான்.

ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. பசியின்மை, தூக்கமின்மை, அசதி எல்லாம் மனச்சோர்வின் அடையாளங்கள். புற்றுநோயும் கீமோதெரபியும் தருபவையும் அவையே. 'நோயாலதான் இப்படி' என்று விட்டுவிடுவது சுலபம். மனநோய் என்ற சொல்லின் அவமானம் வேறு. ஹாலண்ட் தரப்பினர் அந்தச் சொல்லைத் தவிர்த்து, பொதுவாக 'மனக்கஷ்டம்' என்று பொருள்படும் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 1998இல் வெப்பமானி வடிவிலான ஓர் அளவுகோல் வந்தது: 0 முதல் 10க்குள் உங்கள் கஷ்டம் எவ்வளவு? கேள்வி சாதாரணமானது. ஆனால் பதில் சொல்லும் உரிமை நோயாளிக்கு வந்துவிடுகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது: சிரிக்கச் சொல்லும் அதிகாரம். கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் ஒரு மார்பை இழந்தார். செயற்கை மார்பு வைக்காமல் மருத்துவரிடம் போனபோது, மற்றவர்களின் மனோதைரியம் கெடும் என்று நர்ஸ் கடிந்துகொண்டதை 1980இல் வந்த 'புற்றுநோய் நாட்குறிப்புகள்' நூலில் எழுதினார். அடக்கிய உணர்ச்சிதான் புற்றுநோய்க்குக் காரணம் என்ற பேச்சு நோயாளியையே குற்றவாளி ஆக்குகிறது என்று சூசன் சொன்டாக் 1978இலேயே வாதிட்டிருந்தார். 'பாசிட்டிவா இருங்க' என்ற உபதேசத்தின் வேர் அங்கே இருக்கிறது. நோய் திரும்பினால் தைரியம் போதவில்லை என்று ஆகிவிடும்.

மனசுக்கான சிகிச்சையும் இந்தத் தர்க்கத்தில் மாட்டியது. குழுவாக உட்கார்ந்து மரணத்தையும் பயத்தையும் பேசிய மார்பகப் புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 1989இல் டேவிட் ஸ்பீகல் அறிவித்ததும் பரபரப்பு. 2001இல் வெளியான பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் மனவேதனை குறைந்தது, வலி குறைந்தது. இதைத் தோல்வி என்று படிப்பது என்ன நியாயம்? ஆயுளை நீட்டினால்தான் துக்கத்துக்கு வைத்தியமா? வேதனை குறைவது தன்னளவிலேயே போதாதா?

சிகிச்சை முடிந்தபின் பயம் முடிவதில்லை. அடுத்த ஸ்கேன் வரை ஒவ்வொரு முதுகுவலியும் ஒரு சந்தேகம்தான். வீடோ 'அதான் சரியாயிடுச்சே' என்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் நோயாளிக்குத் தெரியாமல் மருத்துவரிடம் தனியே பேசும் வழக்கம் இன்னும் போகவில்லை. 1961இன் சிகாகோவை நாம் அன்பு என்ற பெயரில் வீட்டுக்குள் வைத்திருக்கிறோம்.

ஆலோசனை, மாத்திரை, சக நோயாளிகளோடு பேச ஓரிடம் — இவை சொகுசு அல்ல. கீமோவோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டிய உரிமைகள். 'தைரியமா இரு' என்பதற்குப் பதில் 'எப்படி இருக்கு உனக்கு?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காமலிருப்பது நம் பங்கு.