விரிச்சி கேட்டவர்கள்: எண்ணெய்க் கணிப்பின் கதை

முல்லைப்பாட்டில் ஒரு காட்சி வருகிறது. போர்மேற் சென்ற தலைவன் திரும்புவானா என்றறிய முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று, நெல்லும் முல்லைமலரும் தூவித் தொழுது, விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். தாயைக் காணாது தவிக்கும் கன்றுக்கு ஓர் ஆய்மகள் ஆறுதல் சொல்கிறாள். அதையே நற்சொல்லாகக் கொண்டு அவர்கள் மகிழ்ந்து திரும்புகிறார்கள். யாரோ எதற்கோ சொன்ன சொல்லுக்குக் கேட்டவர் உள்ளமே பொருள் தந்தது. சென்ற நூற்றாண்டில் எண்ணெயின் வருங்காலத்தைக் கணித்தவர்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இக்காட்சி நம் நினைவுக்கு வருகிறது.

இக்கதையின் நடுநாயகர் எம். கிங் ஹப்பர்ட். ஷெல் நிறுவனத்தில் பணியாற்றிய புவியியல் அறிஞர். 1956 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எண்ணெய்த் துறையினர் கூடிய அவையில் அவர் ஒரு வளைகோட்டை முன்வைத்தார். எண்ணெய் எடுப்பது மெல்லத் தொடங்கி, ஏறி, உச்சியை எட்டி, ஏறியவாறே இறங்கும் என்பது அவர் வாதம். அமெரிக்காவில் எடுக்கத்தக்க எண்ணெய் மொத்தம் 15,000 கோடி பீப்பாய் என்றால் 1965 வாக்கிலும், 20,000 கோடி என்றால் 1970 வாக்கிலும் உச்சம் வரும் என்றார். செழிப்பின் நடுவே சொல்லப்பட்ட இச்சொல்லைப் பலரும் பொருட்படுத்தவில்லை.

1970இல் அமெரிக்க உற்பத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 96 லட்சம் பீப்பாயை எட்டியது. பின்பு சரியத் தொடங்கியது. இதன் விளைவை இரண்டு தடையாணைகளை ஒப்பிட்டு உணரலாம். 1967 போரின்போது அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. அமெரிக்கா தன் கிணறுகளில் கூடுதலாக இறைத்து ஈடுகட்டியதால் அது பிசுபிசுத்தது. 1973 அக்டோபரில் மீண்டும் தடை வந்தது. இம்முறை கூடுதலாக இறைக்க அமெரிக்கக் கிணறுகளில் மிச்சமில்லை. சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. ஹப்பர்ட் ஒரே நாளில் தீர்க்கதரிசியானார்.

இதன்பின்தான் கதை திசைமாறுகிறது. 1979 ஈரானியப் புரட்சியை அடுத்து விலை பீப்பாய்க்கு முப்பத்தைந்து டாலரைத் தாண்டியது. இனி விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று அரசுகளும் வங்கிகளும் நம்பின. அந்நம்பிக்கையில், கொலராடோ மாநிலத்தின் பாரசூட் என்ற சிற்றூரருகே பாறையைச் சுட்டு எண்ணெய் வடிக்கும் பெருந்திட்டத்தில் எக்ஸான் நிறுவனம் இறங்கியது. தொழிலாளர்களுக்கென ஒரு புதுநகரமே எழுந்தது. 1982 மே 2, ஞாயிற்றுக்கிழமை, திட்டம் கைவிடப்படுவதாக அறிவிப்பு வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். அவ்வட்டாரத்தார் அதை இன்றும் 'கறுப்பு ஞாயிறு' என்றே சொல்கிறார்கள்.

கணிப்பு எங்கே பிழைத்தது? விலையேற்றமே விலைவீழ்ச்சிக்கு வித்திட்டது. மின்நிலையங்கள் எண்ணெயை விட்டு நிலக்கரிக்கும் அணுவுக்கும் மாறின. கார்கள் குறைவாகக் குடிக்கப் பழகின. வடகடலும் அலாஸ்காவும் மெக்சிகோவும் புது எண்ணெயைக் கொண்டுவந்தன. விலையைத் தாங்கிப்பிடிக்கத் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்த சவூதி அரேபியா 1985இல் பொறுமையிழந்து மடையைத் திறந்தது. 1986இல் விலை பத்து டாலர் அளவுக்கு விழுந்தது.

ஹப்பர்ட்டின் வளைகோடும் இதே இடத்தில்தான் இடறியது. 2008இல் அமெரிக்க உற்பத்தி 50 லட்சம் பீப்பாயாகச் சுருங்கியிருந்தது. அவ்வாண்டு ஜூலையில் விலை 147 டாலரைத் தொட்டது. எண்ணெய் யுகம் முடிகிறது என்று பலர் எழுதினர். ஆண்டு முடிவதற்குள் விலை நாற்பது டாலருக்கும் கீழே போயிற்று. கிடைமட்டத் துளையிடலும் நீரழுத்தப் பாறைப்பிளப்பும் இணைந்து பெருக, 2018இல் அமெரிக்கா தன் 1970ஆம் ஆண்டு உச்சத்தையே கடந்தது. மண்ணுக்குள் இருக்கும் எண்ணெய் மாறாத அளவுதான். எடுக்கத்தக்க எண்ணெய் அப்படியன்று. அது விலையோடும் கருவியோடும் சேர்ந்து வளர்வது. ஹப்பர்ட் இரண்டையும் ஒன்றெனக் கொண்டார்.

விலையைச் சொல்வது இன்னும் கடினம். லாரிக்காரரும், மீன்பிடி விசைப்படகினரும், பம்புசெட் உழவரும் டீசல் விலை கூடியதென்று மறுநாளே நிறுத்திவிட முடியாது. புதுக் கிணறும் ஒரே மாதத்தில் ஊறிவிடாது. இருபுறமும் இறுக்கமாக இருப்பதால் சிறு பற்றாக்குறையும் பெரிய விலையாகிறது, சிறு மிகுதியும் பெருஞ்சரிவாகிறது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை சுழியத்துக்கும் கீழே, பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலருக்குச் சென்றது. வைக்க இடமில்லாமல், வாங்குவோருக்கு விற்பவர் பணம் கொடுக்க வேண்டிய நிலை. டீசலோ கச்சா எண்ணெயின் நிழலாகக்கூட நடப்பதில்லை. 2022இல் உக்ரைன் போர் மூண்டபோது, ஐரோப்பாவுக்கு ரஷ்ய டீசல் வருவது ஐயத்துக்குள்ளாக, பெருந்தொற்றில் சில சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டிருந்ததும் சேர, டீசல் கச்சா எண்ணெயைவிட வேகமாக ஏறியது.

ஆகவே கணிப்பே வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. 1956இல் ஹப்பர்ட்டுக்குச் செவிசாய்த்திருந்தால் 1973இன் அதிர்ச்சி சற்றே குறைந்திருக்கலாம். ஆனால் அன்று செழிப்பு கேட்க விரும்பியது செழிப்பையே. 1980இல் அச்சம் கேட்க விரும்பியது அச்சத்தையே. இரண்டு காலத்திலும் மனிதர் விரிச்சிதான் கேட்டார்கள். முல்லைப்பாட்டின் முதுபெண்டிர் தவறாகக் கேட்டிருந்தால் இழப்பதற்கு அவர்கள் மனஅமைதி மட்டுமே இருந்தது. எண்ணெயில் கணித்தவருக்குப் பிழை ஒரு கோட்டின் வளைவு. அதை நம்பி வீடு வாங்கிக் குடியேறிய பாரசூட் தொழிலாளிக்கு அது வாழ்வின் முறிவு. கணிப்புகளைப் படிக்கும்போது, பிழைத்தால் விலை கொடுக்கப்போவது யார் என்ற கேள்வியையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம்.