சூளையடியில் ஒரு கைதி

பீங்கான் ரகசியத்துக்காகச் சாக்சனி ஆட்சியாளர் ரசவாதி பெட்கரைப் பூட்டிவைத்த கதையைப் போன வாரம் பார்த்தோம். அதே கொடுமை ரஷ்யாவிலும் நடந்தது.

1744இல் பேரரசி எலிசபெத் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பீங்கான் ஆலை தொடங்கினார். தொழில் தெரியும் என்று வந்த ஹுங்கர் என்ற ஜெர்மானியரால் ஒன்றும் தேறவில்லை. அவரிடம் கற்க அனுப்பப்பட்ட இளைஞர் திமித்ரி வினோகிராதோவ்தான் சாதித்தார். பின்னாளில் விஞ்ஞானியாகப் புகழ்பெற்ற லொமனோசோவோடு ஜெர்மனியில் சேர்ந்து சுரங்கவியல் படித்தவர் அவர். மாஸ்கோ அருகிலுள்ள கிழேல் களிமண்ணைக் கழுவி, சலித்து, கலவையை மாற்றி மாற்றிச் சூளையிலிட்டு, 1740களின் முடிவுக்குள் அசல் பீங்கானை எட்டிவிட்டார். 1749இல் அவர் செய்த சிறு கோப்பையில் திராட்சைக்கொடி படர்ந்திருக்கும். ரஷ்ய மொழியில் வினோகிராத் என்றால் திராட்சை. தன் பெயரைத்தான் கொடியாக ஓடவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சாதனைக்குக் கிடைத்த பரிசைக் கேட்டால் மனம் பதறும். ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயம் ஒருபுறம், அவருடைய குடிப்பழக்கம் மறுபுறம். உடைவாளைப் பறித்தார்கள், காவல் போட்டார்கள், சங்கிலியிலும் கட்டினார்கள். சூளையருகிலேயே உறக்கம். 1758இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார்.

அவர் காலத்தில் பெரும்பாலும் மூக்குப்பொடி டப்பி, கோப்பை போன்ற சின்னப் பொருள்கள்தான். ஆளுயரச் சாடிகள் ஜார் முதலாம் நிக்கோலஸ் காலத்தில் (1825–1855) பெருகின. அவ்வளவு பெரியதை ஒரே துண்டாகச் சுட முடியாது. பீடம், வயிறு, கழுத்து எனத் தனித்தனியே சுட்டுப் பொருத்தி, இணைப்பை வெண்கல வளையத்தால் மறைத்தார்கள். ஹெர்மிடேஜ் அரண்மனையின் எண்ணெய் ஓவியங்களைச் சாடியின் வயிற்றில் அப்படியே வரைந்தார்கள். சாயம் தீட்டும்போது ஒரு நிறம், வெந்து வரும்போது வேறு நிறம். வரப்போகும் நிறத்தை மனத்தில் வைத்தே தூரிகையை ஓட்ட வேண்டும்.

தங்கமும் அப்படித்தான். சூளையிலிருந்து மங்கிய மஞ்சளாகத்தான் வரும். வழவழப்பான அகேட் கல்முனையால் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறும். சில இடங்களைத் தேய்க்காமல் விட்டு, மங்கலும் மினுமினுப்பும் சேர்ந்த பூவேலை செய்வார்கள். ஓர் இலையின் நரம்பைக்கூட அந்தக் கல்முனையால் எழுதிவிடுவார்கள்.

இந்தச் சாடிகளின் அடியில் கிரீடமும் ஜாரின் பெயரெழுத்தும் இருக்கும். வினோகிராதோவின் எழுத்தைத் தேட வேண்டுமென்றால் அவருடைய சின்னஞ்சிறு கோப்பைகளைத்தான் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

1918இல் ஆலை புரட்சி அரசின் கைக்குப் போனது. கிடங்கில் மிஞ்சியிருந்த வெள்ளைத் தட்டுகளிலும் ஜார் முத்திரை இருந்தது. அதன்மேல் வண்ணம் பூசி மறைத்த கதை அடுத்த வாரம்.