கப்பலில் இடம் பெறாதவர்கள்

போர் மூளக்கூடும் என்று அஞ்சும்போது, அயல்நாட்டுப் பாசறைகளில் வாழும் படைவீரர்களின் மனைவி மக்களை முன்கூட்டியே அனுப்பிவிடுவதற்குப் பல படைகள் விதிகள் வைத்திருக்கின்றன. பயணச் செலவு, மூட்டை முடிச்சு, திரும்பி வரும் உரிமை என்று அவை நீளும். ஆனால் அவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்றுண்டு: குடும்பம் என்று யாரைச் சொல்வது? 1940-இல் ஹாங்காங்கில் அதற்குக் கிடைத்த விடை, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

அவ்வாண்டு ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. 1938-லேயே காண்டனைப் பிடித்திருந்த ஜப்பானியப் படை, ஹாங்காங்கின் எல்லையில் வந்து நின்றது. பிரிட்டிஷ் பெண்களும் குழந்தைகளும் வெளியேற வேண்டும் என்ற ஆணை ஜூன் இறுதியில் பிறந்தது. ஜூலைத் தொடக்கத்தில் படைவீரர் குடும்பங்கள் முதலில் கப்பல் ஏறின; பிற குடும்பங்கள் பின்தொடர்ந்தன. 3,000-க்கும் மேற்பட்டோர் மணிலா வழியாக ஆஸ்திரேலியா சேர்ந்தனர். அதை வீடு திரும்பல் என்றும் சொல்ல முடியாது. பலருக்கு அது முன்பின் பார்த்திராத நாடு.

அந்த ஆணை ஐரோப்பிய வம்சாவளியினருக்கே உரியதாக இருந்தது. பிரிட்டிஷ் குடியுரிமை இருந்தும் சீனப் பெண்களுக்கும் கலப்பினத்தவருக்கும் அதில் இடமில்லை. மணிலா வரை போய்விட்ட கலப்பினத்தவர் சிலர் அங்கிருந்தே திருப்பி அனுப்பப்பட்டனர். வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்பது அன்றைய ஆஸ்திரேலியாவின் கொள்கை. சீனர்களின் வரிப்பணத்தில் வெள்ளையர்கள் தப்பிக்கிறார்களா என்று ஹாங்காங்கில் குரல் எழுந்தது.

பிரிந்த கணவர்களும் பொறுமையிழந்தனர். போர் வரவில்லையே, மனைவியரைத் திருப்பிக் கொடுங்கள் என்று வற்புறுத்தினர். செவிலியர் பணியிலும் பிற துணைப் பணிகளிலும் பெயர் கொடுத்துத் தங்கிவிட்ட பெண்களும் இருந்தனர்.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் போர் வந்தது. பதினெட்டு நாள் சண்டைக்குப் பின், கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங் சரணடைந்தது. தங்கிய பிரிட்டிஷ் பெண்களும் குழந்தைகளும் ஸ்டான்லி முகாமில் 1945 ஆகஸ்ட் வரை அடைபட்டுக் கிடந்தனர். 1942 அக்டோபரில் போர்க்கைதிகளை ஏற்றிச் சென்ற ‘லிஸ்பன் மாரு’ கப்பல் மூழ்கியபோது 800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆஸ்திரேலியாவில் காத்திருந்த பல பெண்களின் காத்திருப்பு வீணாயிற்று.

ஆகவே, அனுப்பியது சரிதான் என்று காலம் காட்டிவிட்டது. அதனாலேயே அநீதியின் கனம் கூடுகிறது. ஹாங்காங் தொண்டர் படையில் கலப்பினத்தவர்க்கென்றே ஒரு கம்பெனி இருந்தது. தீவின் நடுவே நடந்த கடும் போரில் அது பேரிழப்பைச் சந்தித்தது. உயிரைக் கொடுக்க அவர்களை அழைத்த அரசு, அவர்களுடைய குடும்பங்களுக்குக் கப்பலில் இடம் கொடுக்கவில்லை.