மொத்தமாகப் பணம் கேட்கும் மாதம்: கொரியக் குடும்பங்களின் குளிர்கால ஆயத்தம்

கொரியத் தீபகற்பத்தின் எளிய குடும்பங்களுக்கு நவம்பர் மாதம் நெடுங்காலமாகவே கையைக் கடிக்கும் மாதமாக இருந்துவந்தது. சைபீரியாவிலிருந்து இறங்கும் வறண்ட வாடைக்காற்று டிசம்பரில் வலுத்து, சியோலில் இரவு வெப்பநிலையைச் சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை கொண்டுபோய்விடும் என்பதால், பச்சைக் காய்கறி விளையாத மூன்று நான்கு மாதங்களுக்கு வேண்டிய உணவையும் எரிபொருளையும் மண் உறைவதற்கு முன்பே வீட்டுக்குள் சேர்த்தாக வேண்டியிருந்தது. விளைச்சல் வந்து குவியும் அந்தச் சில வாரங்களில் மொத்தமாக வாங்கினால் எல்லாமே மலிவு. ஆனால் மொத்தமாக வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும். சிக்கனத்துக்கும் ஒரு முதல் தேவைப்படுகிறது என்ற இந்த உண்மையே கொரியக் குளிர்கால ஆயத்தத்தின் வரலாற்றை நடத்திச் சென்றது. அந்த முதல் இல்லாதவர்களுக்காக அச்சமூகம் உருவாக்கிக்கொண்ட ஏற்பாடுகளே அவ்வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்கவை.

உணவைப் பொறுத்தவரை, உப்பிட்டு நொதிக்கவைத்த காய்கறியான கிம்ச்சியைக் குளிர்காலம் முழுவதற்கும் ஒரே முறையில் ஊறவைக்கும் வழக்கத்துக்குக் கிம்ஜாங் என்று பெயர். 1241இல் மறைந்த யி க்யுபோ என்னும் புலவர் முள்ளங்கியை உப்பிலிட்டுக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வதைப் பாடியிருப்பதிலிருந்து இதன் பழமை தெரிகிறது. ஆண்டின் சடங்குகளையும் வழக்கங்களையும் தொகுத்து 1849இல் நூலாக எழுதிய ஹோங் சொக்மோ, கோடையில் சோயா விழுதும் சாறும் தயாரிப்பதையும் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடுவதையும் குடும்பத்தின் இரு பெரும் ஆண்டுப் பணிகளாகக் குறித்தார். இன்று கிம்ச்சியின் அடையாளமாகிவிட்ட மிளகாய் 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான் கொரியாவுக்கு வந்தது. இறுகிய உருளை வடிவில் விளையும் சீன முட்டைக்கோசோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகே பரவலாகப் பயிராயிற்று. 1950இல் ஜப்பானிலிருந்து வந்து 1959இல் இறக்கும்வரை கொரிய மண்ணுக்கேற்ற விதைகளை உருவாக்கிய ஊ ஜாங்சுன் என்னும் தாவர மரபியலாளரின் உழைப்பு அதை எளியவர் கைக்கு எட்டச் செய்ததில் பெரும் பங்கு வகித்தது.

முட்டைக்கோசு நூறு கொண்ட ஜொப் என்னும் கணக்கில் விற்கப்பட்டது. பெரிய குடும்பம் ஒன்று ஒரு ஜொப்புக்குக் குறையாமல் வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து, கடலுப்பை இதழ்களுக்கிடையே தூவி, ஓர் இரவு முழுவதும் தொட்டியில் கிடத்தும். மறுநாள் விறைக்கும் நீரில் அவற்றை அலசி வடியவிட்டபின், நறுக்கிய முள்ளங்கி, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், ஜொத்கால் எனப்படும் உப்பில் நொதித்த இறால் அல்லது நெத்திலி ஆகியவற்றைக் கலந்த மசாலாவை இதழ் இதழாகப் பிரித்துத் தடவி, வெளி இதழால் இறுகச் சுற்றி, தோக் என்னும் மண்தாழிகளில் அடுக்குவார்கள். தாழிகள் கழுத்தளவு நிலத்தில் புதைக்கப்பட்டு வைக்கோலால் மூடப்படும்; மேற்பரப்பு உறைந்தாலும் ஆழத்து மண் சுழியத்தை ஒட்டிய நிலையிலேயே நிற்பதால், கிம்ச்சி உறையாமலும் அளவுக்கு மீறிப் புளிக்காமலும் வசந்தம் வரை தாங்கியது.

வசதியில்லாத வீடு மிளகாயையும் ஜொத்காலையும் குறைத்து உப்பையும் முள்ளங்கியையும் கூட்டிக்கொண்டது. அந்தக் கிம்ச்சி சுவையில் தாழ்ந்திருக்கலாம், ஆனால் சோற்றுக்குத் துணையாக நின்று குளிர்காலத்தைக் கடத்தியது. வெட்டி எறியப்படும் முள்ளங்கித் தழையும் வீணாகவில்லை. அதை வைக்கோல் கயிற்றில் கோத்து இறவாணத்தின் கீழே நிழலில் உலர்த்தினால் சிரேகி ஆகும். சோயா விழுதுடன் அதை வேகவைத்த சூப் பல வீடுகளில் குளிர்காலம் முழுவதும் கொதித்தது. விலையில்லாத தழையிலிருந்து ஒரு பருவத்தின் உணவைப் பெற்ற பெண்களின் அறிவுக்குச் சமையல் வரலாறு இன்னும் உரிய இடம் தரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

நூறு முட்டைக்கோசை ஒரு பெண் தனியாக ஊறவைக்க முடியாது. கூலிக்கு ஆள் வைக்கவும் காசில்லை. பூமாசி என்ற கைமாற்று உழைப்பு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. இன்று ஒரு வீட்டில், நாளை மறு வீட்டில் என்று அண்டையிலிருந்தவர்கள் முறைவைத்து உழைக்க, வேலை நடந்த வீட்டார் வேகவைத்த பன்றி இறைச்சியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டி எல்லோருக்கும் பரிமாறினார்கள். தாழி வைக்க இடமோ காய் வாங்கப் பணமோ இல்லாதவர்களுக்கு ஒரு பங்கு கொடுத்தனுப்புவதும் வழக்கத்தின் பகுதியாகவே இருந்தது. தென்கொரியாவின் கிம்ஜாங்கை 2013இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டபோது முன்னிறுத்தியது இந்தப் பகிர்வைத்தான். நகரத் தொழிலாளரிடையே இதற்கு வேறொரு வடிவம் கிடைத்தது: 1960கள் முதல் 1980கள் வரை பல நிறுவனங்கள் நவம்பர் வாக்கில் கிம்ஜாங் போனஸ் என்ற தனித் தொகையை வழங்கின. மாதச் சம்பளத்தைப் பிடித்துப் பிடித்துச் செலவழிப்பவரிடம் மொத்தப் பணம் சேர வழியில்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

எரிபொருளின் கதை இதைவிடக் கடுமையானது. கொரிய வீடுகள் ஒண்டோல் முறையில் சூடாக்கப்பட்டன. சமையலறை அடுப்பின் புகையும் வெப்பமும் அறையின் தரைக்கடியில் கற்பலகைகளால் மூடிய கால்வாய்கள் வழியே ஓடி, மறுபுறப் புகைபோக்கியில் வெளியேறும். சோறு வேகும் நெருப்பே தரையையும் சூடாக்கியதால் ஒரே விறகு இரு வேலை செய்தது. அடுப்புக்கு அருகிலுள்ள தரைப்பகுதியான அரேன்மோக்கில் முதியவர்கள் அமர, வேலைக்குச் சென்றவருக்குரிய சோற்றுக் கிண்ணம் அங்கேயே மெத்தைப் போர்வைக்கடியில் ஆறாமல் காத்திருந்தது. ஜொசன் அரசின் (1392–1910) பிற்காலத்தில் இம்முறை எல்லாத் தரப்பு வீடுகளுக்கும் பரவியபோது விறகுத் தேவையும் பெருகி, ஊர்களைச் சுற்றியிருந்த மலைகள் மொட்டையாயின.

1950–1953 கொரியப் போருக்குப் பின் அகதிகளும் கிராமத்தவரும் சியோலின் மலைச்சரிவுகளில் குடிசை போட்டுக் குடியேறியபோது, விறகின் இடத்தை யொன்தான் பிடித்தது. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் அறிமுகமான இது, நிலக்கரித் தூளை அச்சில் அழுத்திச் செய்த உருளை; பிற்காலத்தில் பொதுவாகப் புழங்கியது சுமார் 15 செ.மீ. விட்டமும் 3.6 கிலோ எடையும் 22 துளைகளும் கொண்டது. எரியும் உருளையின்மேல் புதியதைத் துளைக்குத் துளை பொருந்த வைத்தால் நெருப்பு தானாக மேலேறும். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, நடு இரவிலும்கூட, யாரேனும் எழுந்து இடுக்கியால் அதை மாற்ற வேண்டும். அணைந்துவிட்டால் அண்டை வீட்டில் எரிந்துகொண்டிருக்கும் உருளையைக் கேட்டு வாங்கி வருவார்கள். வெளிறிப்போன சாம்பல் உருளைகளையும் உடைத்துப் பனி இறுகிய சரிவுப் பாதைகளில் தூவினார்கள்.

வசதியுள்ளவர்கள் இலையுதிர் காலத்திலேயே நூற்றுக்கணக்கில் வாங்கி அடுக்கினார்கள். நாட்கூலி பெற்றவரோ மாலையில் ஓரிரு உருளைகளை வைக்கோல் கயிற்றில் கோத்துத் தூக்கிக்கொண்டு மேடேறினார்; தட்டுப்பாடு வந்தால் முதலில் வெறுங்கையுடன் திரும்பியவரும் அவரே. 1966இன் இலையுதிர் காலத்தில் யொன்தான் கிடைக்காமல் நகரமே தவித்த நெருக்கடிக்குப் பின் அரசு எண்ணெயின் பக்கம் திரும்பியது. 1973இன் எண்ணெய் விலை அதிர்ச்சி மீண்டும் நிலக்கரியிடமே கொண்டுவந்து விட்டது.

மலிவான இந்தச் சூட்டுக்கு உயிரும் விலையாயிற்று. விறகுக்கென்று கட்டிய தரையில் விரிசல் விழுந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசிந்து, உறங்கிய குடும்பத்தையே கொன்றது. குளிர்காலம் தோறும் இத்தகைய மரணங்கள் செய்தித்தாள்களில் வந்தன. மயங்கியவருக்கு முள்ளங்கித் தண்ணீர்க் கிம்ச்சியான தோங்சிமியின் சாற்றைப் புகட்டினார்கள். நச்சை அது முறிக்காது, என்றாலும் அந்த வீட்டில் கைக்கெட்டிய மருந்து அதுவே. காற்று புகாமல் கதவிடுக்குகளில் காகிதம் ஒட்டுவது குளிர்கால ஆயத்தத்தின் தவிர்க்க முடியாத பகுதியாக இருந்ததால், வெப்பத்தை மிச்சப்படுத்திய அதே கவனம் நச்சுக்காற்றையும் உள்ளே அடைத்துவைத்தது என்பது இக்கதையின் மிகத் துயரமான பக்கம்.

1986இல் இயற்கை எரிவாயு இறக்குமதி தொடங்கிக் குழாய்வழியே வீடுகளுக்குச் செல்லலாயிற்று. 1995இல் அடுக்ககக் குடும்பங்களுக்கான கிம்ச்சிக் குளிர்பெட்டி சந்தையில் வெற்றிபெற்றது. தாழி புதைக்கும் மண்ணும் கரி அடுக்கும் மூலையும் பெரும்பாலோருக்குத் தேவையற்றுப்போயின. ஆனால் மலைச்சரிவுகளில் தங்கிவிட்ட வறிய முதியவர்களை விட்டு யொன்தான் போகவில்லை. 2002இல் வொன்ஜு நகரில் தொடங்கிய யொன்தான் வங்கி, நன்கொடையாகப் பெற்ற கரியை இவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவருகிறது. அரசு மானியத்தைக் குறைத்து 2016 முதல் 2018 வரை ஆண்டுதோறும் விலையை உயர்த்தியதில், 373.50 வொன்னாக இருந்த ஓர் உருளையின் ஆலை விலை 639 வொன் ஆயிற்று. லாரி ஏறாத சந்துகளுக்குச் சுமைகூலி தனி என்பதால், அடிவாரத்தில் வாங்குபவரைவிட மேட்டில் இருப்பவர் அதே கரிக்கு அதிகம் கொடுக்க நேர்கிறது. தொண்டர்கள் வரிசையாக நின்று உருளைகளைக் கைமாற்றி வீட்டு வாசல்வரை ஏற்றிக்கொடுப்பது இந்தக் கூடுதல் செலவையும் சேர்த்தே நீக்குகிறது.