திருச்சிராப்பள்ளிக் காக்காப்பொன் ஓவியங்கள்

19-ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில் மைக்காத் தகட்டின்மேல் கையால் தீட்டி, தொகுதி தொகுதியாக விற்கப்பட்ட சிறு வண்ணப்படங்கள் இவை. மைக்காவைத் தமிழில் காக்காப்பொன் என்றும் அப்ரகம் என்றும் சொல்வர். கலை வரலாற்றில் இவை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கால வெள்ளைக்காரருக்காக இந்திய ஓவியர்கள் தீட்டிய ‘கம்பெனி ஓவியம்’ என்ற பெரும்பிரிவில் அடங்கும். முர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகிய ஊர்களிலும் மைக்காவில் ஓவியம் தீட்டினார்கள். தெற்கே இதற்குப் பேர்போன ஊர் திருச்சி.

1801-இல் திருச்சி உள்ளிட்ட கர்நாடக நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. திருச்சி பெரிய படைமுகாமாக வளர்ந்தது. வெள்ளைக்காரக் குடியிருப்புகள் பெருகின. 1816-இல் புனித யோவான் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. நாயக்கர் காலம் முதல் கோயில்களையும் அரண்மனைகளையும் நம்பி வாழ்ந்த தெலுங்கு பேசும் ஓவியக் குடும்பங்கள் இப்பகுதியில் இருந்தன. பழைய ஆதரவு சுருங்க, அதிகாரிகளும் அவர்தம் மனைவியரும் பாதிரிமாரும் புதிய வாடிக்கையாளர்களாக வந்தார்கள். ஊருக்கு அனுப்பவும், தாம் பார்த்த நாட்டை உறவினருக்குக் காட்டவும் அவர்களுக்குப் படங்கள் தேவைப்பட்டன.

முதலில் காகிதத்தில் தீட்டிய தொகுதிகளே மிகுதி. 1820-களில் திருச்சி, திருவரங்கம் வட்டாரத்தில் உருவான தெய்வப் படத் தொகுதிகள் இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் உள்ளன. அனந்தன்மேல் பள்ளிகொண்ட அரங்கன், தசாவதாரங்கள், சிவ வடிவங்கள், அம்மன்கள் என ஒரு முழுத் தெய்வ வரிசையே அவற்றில் உண்டு. வாங்கியவருக்கு அவை அயல்சமயத்தின் விளக்கப்படங்கள். வரைந்தவர் கையிலோ பரம்பரை இலக்கணம் இருந்தது: ஆயுதம் எந்தக் கையில், மேனி என்ன நிறம், வாகனம் எது என்பதையெல்லாம் அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் விற்பனைக்கு வரைந்தபோதும் அந்தத் தெய்வ உருவங்களில் தடுமாற்றம் தெரிவதில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் புத்தகப் படங்களை அச்சிட்டபின் கையால்தான் வண்ணமிட்டார்கள். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரரின் மகன் வில்லியமும் 1792-இல் திருச்சிக்கு வந்து மலைக்கோட்டையை வரைந்தார்கள். ஊர் திரும்பி அவர்கள் வெளியிட்ட இந்தியக் காட்சிகளும் அவ்வாறு கைவண்ணம் பெற்றவையே. சாதி, தொழில், உடை வாரியாக மக்களை வரிசைப்படுத்தும் ஆடைப் புத்தகங்களுக்கும் அங்கே நல்ல கிராக்கி இருந்தது. அச்சு எந்திரம் இல்லாமலே அந்தத் தேவையைத் திருச்சி ஓவியர்கள் நிறைவேற்றினார்கள். ஆகவே இப்படங்களைப் பயணி வாங்கிப் போன வெறும் ஞாபகப் பொருள் என்று ஒதுக்குவது தவறு. புத்தகம் இல்லாத புத்தகப் படங்கள் என்று கொள்வதே பொருந்தும்.

படியெடுப்பதற்கு மைக்கா மிக வசதியானது. மெல்லிய ஏடுகளாக உரியும். கண்ணாடியைப் போல ஒளி ஊடுருவும். மூலப்படத்தை அடியில் வைத்து மேலே தகட்டை வைத்தால் கோடு அப்படியே தெரியும். தகடு வண்ணத்தை உறிஞ்சாது. ஆகவே பிசின் கலந்த நீர்வண்ணம் மேற்பரப்பில் படிந்து பளிச்சென்று நிற்கும். இந்தப் பளபளப்புதான் வாங்குவோரைக் கவர்ந்தது. திருவிழாக்களிலும் மொகரத்திலும் விளக்குகளுக்கு வண்ண மைக்கா பதிக்கும் வழக்கத்திலிருந்து இக்கலை பிறந்தது என்று ஒரு கருத்தும் உண்டு.

தண்ணீர் சுமப்பவர், வண்ணார், பல்லக்குத் தூக்கிகள், சிப்பாய், நெசவாளர், சாமி ஊர்வலம் ஆகியவை வழக்கமான பொருள்கள். இவற்றுள் தனித்துக் கவனிக்க வேண்டியது மாற்றுடைத் தொகுதி. ஓர் அட்டையில் ஒரு முகம் தீட்டப்பட்டிருக்கும். உடன்வரும் மைக்காத் தகடுகளில் தலைப்பாகை, அங்கி, கைக்கருவி எல்லாம் இருக்கும். முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருக்கும். ஒரு தகட்டை வைத்தால் அந்த முகம் சேவகன்; அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் வணிகர். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இது நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கும். ஆனால் எல்லாத் தொழிலுக்கும் ஒரே முகம் போதும் என்ற ஏற்பாடு, ஆடைப் புத்தகங்கள் மனிதரை எப்படிப் பார்த்தன என்பதை வெட்டவெளிச்சமாக்குகிறது. அந்தப் பார்வையில் உடைதான் ஆள். ஓவியரின் திறமையைப் போற்றும் அதே நேரத்தில் இந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

நிழற்படம் வந்ததும் தொழில் தளர்ந்தது. நிழற்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் எடுத்த திருவரங்கக் கோயில் நிழற்படங்கள் 1858-இல் தொகுதியாக வெளிவந்தன. 1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் திருச்சியை எட்டியது. 1875-இல் வேல்ஸ் இளவரசரே திருவரங்கத்துக்கு வந்தார். பயணிகள் கூடினார்கள், ஆனால் அவர்கள் கைக்கு நிழற்படம் மலிவாகவே கிடைத்தது. வீட்டுச் சுவர்களுக்கான தெய்வப் படங்களை 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் வண்ண அச்சுகள் பிடித்துக்கொண்டன. பிறகு படத்தபால் அட்டைகள் வந்து, தொழில்வாரி மனிதப் படங்கள் என்ற அதே பழைய வரிசையை நிழற்படத்தில் தொடர்ந்தன.

பெரும்பாலான மைக்காப் படங்களில் ஓவியர் பெயர் இல்லை. இதே கம்பெனி மரபில் வேலூர் எல்லப்பா தம்மையே வரைந்த தற்சித்திரம் ஒன்று 1830-களிலிருந்து எஞ்சியிருப்பது அபூர்வம். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் மைக்காப் படங்கள் பாதுகாக்கப்படுகின்றன. தகடு வளைந்தாலே வண்ணம் செதில் செதிலாக உதிரும், ஓரங்கள் ஏடு பிரியும் என்பதால், அவற்றைத் தட்டையாகக் கிடத்தி, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே வைக்க வேண்டியிருக்கிறது.