கல் பதித்த நினைவுகள்

மோதிரம் ஓர் அணிகலன் மட்டுமன்று. அதை அணிந்த காலத்தின் மனமும் அதில் பதிந்திருக்கிறது. இங்கிலாந்தின் பழைய மோதிரங்களை நூற்றாண்டு வரிசையில் நோக்கினால், அம்மக்கள் எதை நினைவில் வைக்க விரும்பினர் என்பது நமக்குப் புலனாகும்.

15ஆம் நூற்றாண்டில் அங்கே புனிதர்களின் உருவம் செதுக்கிய பொன் மோதிரங்கள் வழக்கில் இருந்தன. குழந்தை இயேசுவை ஏந்திய அன்னை மரியாவும், வழிப்போக்கரின் காவலரான புனித கிறிஸ்தோபரும் அவற்றில் இடம்பெற்றனர். சிலவற்றில் பிரெஞ்சு மொழியில் புத்தாண்டு வாழ்த்தும் பொறிக்கப்பட்டிருந்தது. பின்னர்ச் சமய மாற்றம் வந்தது. இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க ஏற்படுத்தப்பட்டிருந்த அறக்கட்டளைகள் 1547இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. புனிதர்கள் இருந்த இடத்தில், சாவை நினைவூட்டும் மண்டையோடு மோதிரங்களில் தோன்றலாயிற்று.

எனினும், இறந்தோரை நினைக்கும் ஏக்கம் சட்டத்தால் ஒழியக்கூடியதா? மோதிரம் வாங்கிக்கொள்ளுமாறு நண்பர்களுக்கு உயிலில் பணம் எழுதிவைக்கும் வழக்கம் பரவியது. 1616இல் மறைந்த ஷேக்ஸ்பியர் தம் நாடகத் தோழர் மூவருக்கு இவ்வாறு எழுதிவைத்தார். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1703இல் இறந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட மோதிரங்கள் வழங்கப்பட்டன. உறவுக்கும் தகுதிக்கும் ஏற்ப அவற்றின் விலையும் வேறுபட்டது!

18ஆம் நூற்றாண்டில் இத்துயர் மோதிரங்கள் தமக்கென ஒரு மொழியைப் பெற்றன. மணமானவர் இறந்தால் கறுப்பு எனாமல். குழந்தையோ மணமாகாதவரோ இறந்தால் வெள்ளை எனாமல். வளையத்தில் பெயர், வயது, இறந்த நாள். பளிங்குக்கல்லின் கீழே இறந்தவரின் தலைமுடி. சுற்றிலும் பதித்த சிறு முத்துகள் கண்ணீர்த் துளிகளாயின.

அக்காலக் கற்களின் கட்டடமும் தனித்தன்மை உடையது. கல்லின் பின்புறத்தைப் பொன்னால் மூடி, உள்ளே மெல்லிய உலோகத் தகட்டை வைத்தனர். மெழுகுதிரியின் மங்கிய ஒளியிலும் கல் சுடர்விட அது உதவியது. ஆனால் உள்ளே நீர் புகுந்தால் தகடு கறுத்து, கல்லின் ஒளி மங்கிவிடும். ஆகவே இன்றும் அத்தகைய மோதிரங்களை நீரில் இட்டுக் கழுவுவதில்லை.

அன்பைச் சொல்லவும் கற்கள் பயன்பட்டன. ரூபி, எமரால்டு, கார்னெட், அமெதிஸ்ட், மீண்டும் ரூபி, டயமண்ட் என்ற வரிசையில் பதித்தால், அவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து, பேரன்பையும் மதிப்பையும் குறிக்கும் 'ரிகார்ட்' என்னும் சொல்லாகும். 1839இல் விக்டோரியா அரசிக்கு இளவரசர் ஆல்பர்ட் அளித்த நிச்சய மோதிரம், மரகதம் பதித்த பாம்பு வடிவினது. முடிவில்லா அன்புக்குப் பாம்பு அன்று அடையாளம். ஆல்பர்ட் 1861இல் மறைந்தார். அரசி 1901 வரை, தம் இறுதி நாள்வரை, துயர் உடையைக் களையவில்லை. விட்பி கடற்கரையில் கிடைத்த 'ஜெட்' என்னும் கருங்கல், உண்மையில் கல்லாய் இறுகிய பழமரம், நாடெங்கும் துயர் அணியாயிற்று.

1867இல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கண்டறியப்பட்டது. 1886இல் நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம், ஒற்றை வைரத்தை ஆறு கொக்கிகளில் உயர்த்திப் பிடிக்கும் மோதிரத்தை அறிமுகம் செய்தது. கல்லை எல்லாப் பக்கமும் ஒளி தழுவியது. அதுவரை மறைவில் நின்று நினைவைக் காத்த கல், இப்போது தன்னையே காட்டி நின்றது.

பழைய துயர் மோதிரங்களுள் பல, பொன்னுக்காக உருக்கப்பட்டன. எஞ்சியவை அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் உள்ளன. அவற்றில் உள்ள பெயர்களை அறிந்தவர் எவரும் இன்றில்லை. நினைவைப் பொன்னிடம் ஒப்படைத்தவர்களையும் காலம் மறந்துவிட்டது. ஒவ்வொரு நவம்பரிலும் பெயர் தெரியாத ஆன்மாக்களுக்காகவும் மன்றாடும் நாம், அந்தப் பெயர்களில் ஒன்றைக் காண நேர்ந்தால், விலையைக் கேட்பதற்கு முன் ஒருகணம் அமைதி காப்போம். அந்த மோதிரம் செய்யப்பட்டது அதற்காகத்தானே?