மலைநாட்டு வானும் போர் விமானத்தின் கண்ணும்

போர் விமானங்களின் றேடார்களை ஒப்பிடுவோர் ‘எத்தனை மைல்?’ என்ற வினாவோடு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் காணும் தூரம் என்பது கருவிக்கு மட்டும் உரிய மாறா எண் அன்று. அது நிலத்தாலும் மனிதராலும் மாறுபடுவது. இதற்குச் சான்று நமது நாட்டு வரலாற்றிலேயே உண்டு.

1942 ஏப்ரல் 4ஆம் நாள், கனேடிய விமானி லெனாட் பேர்ச்சோல் செலுத்திய கற்றலினா விமானம் இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. ஆயினும் மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் றேடார் நிலையத்திலிருந்து எச்சரிக்கை எதுவும் கிட்டவில்லை. இரத்மலானையில் நின்ற ஹரிக்கேன் விமானங்கள், பகைவர் தலைக்குமேல் வந்த பின்னரே எழ நேர்ந்தது. ஏப்ரல் 9இல் திருகோணமலையிலோ, றேடார் ஏறத்தாழ 90 மைலுக்கு அப்பாலேயே பகைவரைக் கண்டது. விமானங்கள் முன்கூட்டியே மேலெழுந்தன.

இது மலைநாட்டுக்குப் புறம்பான செய்தி அன்று. அட்டனிலும் நுவரெலியாவிலும் கொய்த கொழுந்து தேயிலையாகிக் கொழும்பில் கப்பலேறியது. லயத்து உலைக்குரிய அரிசியும் பெரும்பாலும் கடல் கடந்தே வந்தது. அவ்வாண்டில் பர்மா யப்பானியர் வசமானதும் அவ்வரிசி நின்றது. அந்நிலையில் துறைமுகமும் அழிந்திருப்பின், நெல் விளையாத தோட்டங்களில் வாழ்ந்தோர் கதி யாதாகியிருக்கும்?

ஹரிக்கேனிலோ அதனை எதிர்த்த யப்பானியச் சீரோவிலோ அன்று றேடார் இருக்கவில்லை; விமானியின் கண்ணே கருவி. றேடார் பூண்ட போபைற்றர் இரவுப் போர் விமானங்களுடன் பிரித்தானிய விமானப்படையின் 89ஆம் அணி 1943இல் இலங்கை வந்தது. போபைற்றர்களில் முதலிற் பொருத்தப்பட்ட நான்காம் வகைக் கருவியின் உச்ச எல்லை ஏறத்தாழ 4 மைல். ஆனால் அதன் அலைகள் எப்புறமும் பரவி நிலத்திற்பட்டு மீண்டன. அம்மீளொலி, விமானம் நிலத்துக்கு மேல் நின்ற உயரத்திற்கு அப்பாலிருந்த பொருள்களை மறைத்துவிட்டது.

இதனை நமது மலைகளோடு பொருத்திக் கணக்கிடலாம். 15,000 அடி உயரத்தில் கடல்மேற் பறக்கும் விமானம் ஏறத்தாழ 15,000 அடி தூரம் காணும். அதே விமானம் அதே உயரத்தில் நுவரெலியாவைக் கடந்தால், அந்நகரே 6,000 அடிக்கு மேலிருப்பதால், 9,000 அடிக்கு அப்பால் காணாது. கருவி ஒன்றே, கண்ணின் எல்லையோ வேறு.

பின்னர் வந்த சென்ரிமீற்றர் அலைக் கருவிகள் ஒடுங்கிய கற்றையால் இக்குறையைப் பெரிதும் நீக்கின. எனினும் ஓர் இயற்கை விதி இன்றும் மாறவில்லை. ஏனையவை மாறாதிருக்க, காணும் தூரத்தை இருமடங்காக்க வலுவைப் பதினாறு மடங்காக்க வேண்டும். இலக்கின் எதிரொளிப்புப் பரப்புப் பதினாறில் ஒன்றானால், தூரம் பாதியாகும். எனவே எவ்வளவு பெரிய இலக்கு, எவ்வுயரத்தில், எந்நிலத்தின்மேல் என்பவற்றைக் கூறாத மைற்கணக்கு வெறும் விளம்பரமே.

இவற்றுக்கும் அப்பால், கண்டதை உரிய வேளையில் உரியவரிடம் சேர்க்கும் மனித ஒழுங்கு வேண்டும். ஒரே கிழமையில் கொழும்பும் திருகோணமலையும் கற்பித்த பாடம் அதுவே.